சாந்தாமணியின் முதல் பனிக்காலம்

விவாகரத்து வக்கீலின் அறையில் எது யாருக்கு என்று பிரித்தபோது, சாந்தாமணி வீட்டைக் கேட்டாள். வாஞ்சிநாதன் பனி அள்ளும் மெஷினைக் கேட்டார்.

வக்கீலம்மா பேனாவை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள். அவர் குடிபோகிற இடம் ஜெர்சி சிட்டியில் வானத்தைத் தொடுகிற ஒரு கட்டடத்தின் மேல்மாடி. அங்கே பால்கனியில் விழுகிற பனியைத் துடைக்க ஒரு துண்டு போதும். எடிசனில் இருக்கிற வீட்டுக்குத்தான் தெருவிலிருந்து கார் ஏறி வர நீளமான டிரைவ்வே, மூலை வீடு என்பதால் வீட்டுக்காரரே பனி அள்ள வேண்டிய நடைபாதை இரண்டு பக்கமும். மெஷின் இல்லாமல் அந்த வீடு என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். அவர் ஏன் கேட்கிறார் என்பதும் தெரியும்.

"எடுத்துக்கட்டும்," என்றாள் சாந்தாமணி.

வெளியே வராந்தாவில் லிஃப்டுக்குக் காத்திருந்தபோது அவர் மெதுவாகத்தான் சொன்னார். குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"மணி, அது பழைய வீடு. ஒரு விண்டர் உன்னால தனியா சமாளிக்க முடியாது. டிசம்பர்லயே எனக்கு போன் பண்ணுவ. தயங்காம பண்ணு, நான் வரேன்."

லிஃப்ட் வந்தது. அவள் ஏறவில்லை. படியில் இறங்கிப் போனாள்.

சாந்தாமணிக்குச் சொந்த ஊர் கோபிசெட்டிபாளையம். லேப் டெக்னாலஜி படித்தவள். கல்யாணமாகி நியூஜெர்சிக்கு வந்து, இங்கே மறுபடியும் பரீட்சை எழுதி, ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ரத்த வங்கியில் வேலைக்குச் சேர்ந்தாள். விபத்து கேஸ் வந்தால் எந்த ரத்தம், எவ்வளவு, எத்தனை வேகமாக என்று முடிவு பண்ணுகிற இடத்தில் அவள் நின்றாள். டாக்டர்கள் அவள் சொல்லைக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் வீட்டில், ஹீட்டரும் குழாய்களும் இருக்கிற பேஸ்மென்ட் படியில் காலை வைத்தால் போதும், வாஞ்சிநாதன் குரல் வந்துவிடும். "அது உன் ஏரியா இல்ல. நான் பாத்துக்கறேன்."

அவர் கெட்டவர் இல்லை. குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது. ஹீட்டர், குழாய், கூரை, கார் எல்லாம் அவர் கையில் கச்சிதமாக இருந்தன. அவளுடைய காருக்கு ஆயில் மாற்றுவது முதல் டயரில் காற்று பிடிப்பது வரை அவரே செய்தார். "கொடுத்து வச்சவ" என்று தமிழ்ச் சங்கத்துப் பெண்கள் சொல்வார்கள்.

மகள் ஷ்ரேயா சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒரு ஜனவரியில், வாஞ்சிநாதன் தன் அப்பாவின் காரியத்துக்காகச் சென்னைக்குப் போயிருந்தார். வீட்டில் ஹீட்டர் நின்றுவிட்டது. சாந்தாமணி வீடியோவில் கூப்பிட்டுக் கேட்டாள். "எதையும் தொடாத. சிவகரனை அனுப்பறேன்," என்றார் அவர். அவருடைய நண்பர் சிவகரன் வேலை முடிந்து வருவதற்கு மறுநாள் சாயங்காலம் ஆகிவிட்டது. அதுவரை அம்மாவும் மகளும் ஜாக்கெட் போட்டுக்கொண்டு ஒரே போர்வைக்குள் கிடந்தார்கள். சிவகரன் வந்தார், பேஸ்மென்ட் படியின் உச்சியில் சுவரிலிருந்த சிவப்பு சுவிட்சைப் பார்த்தார், தட்டினார். ஹீட்டர் ஓட ஆரம்பித்தது. குழந்தை விளையாட்டில் அணைத்திருக்கிறாள், அவ்வளவுதான். சிவகரன் காபி குடித்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

அதற்கப்புறம் பல வருஷத்துக்கு ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுபோகிற எந்தப் பாட்லக் விருந்திலும் வாஞ்சிநாதன் அந்தக் கதையைச் சொல்லாமல் சாப்பிட உட்கார்ந்ததில்லை. "எங்க மணிக்கு ரத்தம் பிரிக்கத் தெரியும், சுவிட்ச் போடத் தெரியாது." எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் சிரிப்பாள். சிரித்துச் சிரித்து ஒரு நாள் முகம் வலித்தது. அப்போதுதான் இந்த வாழ்க்கை போதும் என்று அவளுக்குப் பட்டது. அதை வார்த்தையில் சொன்னபோது அவருக்குப் புரியவே இல்லை. வக்கீலுக்கும் புரிந்ததா என்று தெரியாது.

செப்டம்பர் கடைசியில் மரங்கள் நிறம் மாற ஆரம்பித்ததும் அவள் டார்ச் எடுத்துக்கொண்டு பேஸ்மென்டில் இறங்கினாள். ஒவ்வொரு குழாயையும் கையால் தடவிக்கொண்டே அது எங்கே போகிறது என்று பின்தொடர்ந்தாள். வால்வை மூடுவாள், மேலே ஓடிப்போய் எந்தக் குழாயில் தண்ணீர் நின்றது என்று பார்ப்பாள், திரும்ப இறங்குவாள். தெரிந்துகொண்ட ஒவ்வொன்றின் மேலும் மாஸ்கிங் டேப் ஒட்டி, தடித்த பேனாவால் தமிழில் பெயர் எழுதினாள். 'தோட்டத்துக் குழாய்.' 'மாடி பாத்ரூம்.' ஒன்றுக்கு மட்டும் 'என்ன இழவோ தெரியவில்லை' என்று எழுதினாள். தோட்டத்துக் குழாயை உள்ளே மூடி, வெளியே திறந்துவிட்டு, மிச்சத் தண்ணீர் சொட்டி முடிகிறவரை பக்கத்திலேயே நின்றாள். உள்ளே தண்ணீர் தங்கினால் உறைந்து குழாயை வெடிக்க வைத்துவிடும்.

ஹீட்டரைச் சரிபார்க்க வந்த ஆள் வாசலில் நின்று அவள் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். "ஹஸ்பெண்ட் இருக்காரா?" என்று கேட்டான்.

"இந்த வீட்டுக்கு நான்தான் ஹஸ்பெண்ட். உள்ள வா," என்றாள்.

அவன் ஃபில்டர் மாற்றுவதை முதல் தடவை பார்த்தாள். கழற்றச் சொல்லி, இரண்டாம் தடவை தானே மாட்டினாள். அவன் சிரித்துக்கொண்டே அவளை வெளியே கூட்டிப்போய், பக்கச் சுவரில் இடுப்பளவு உயரத்தில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு வெள்ளைக் குழாய்களைக் காட்டினான். ஹீட்டர் மூச்சு வாங்குவதும் விடுவதும் இதில்தான். காற்றடித்துப் பனி குவிந்து இது அடைத்துக்கொண்டால் ஹீட்டர் தானாகவே நின்றுவிடும். நிற்பது நல்லதுக்குத்தான், இல்லாவிட்டால் விஷவாயு வீட்டுக்குள் வரும். பத்து வருஷத்துக்கு மேல் அந்தப் பக்கமாகக் குப்பை வாளியைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள். அது என்ன குழாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பதில் என்ன வந்திருக்கும் என்பதும் தெரியும்.

கூரை ஓரத்தில் மழைத்தண்ணீர் ஓடுகிற தகரக் கால்வாய்களில் இலை மக்கிக் கிடந்தது. ஏணியைச் சாத்தி ஏறினாள். எதிர்வீட்டு இந்திராதேவி ஆன்ட்டி, யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற்ற பல் டாக்டர், வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"பிள்ளை! இறங்கும் கீழே! விழுந்தீரெண்டால் ஆர் உம்மைப் பாக்கிறது?"

"விழமாட்டேன் ஆன்ட்டி."

"வீட்டை வித்துப்போட்டு ஒரு அப்பார்ட்மென்டுக்குப் போமன். ஸ்னோ, ஹீட்டர் எல்லாம் அவங்கட தலையிடி. உமக்கேன் இந்த வீம்பு?"

"வீம்புன்னே வச்சுக்குங்க ஆன்ட்டி," என்று ஒரு கை நிறைய மக்கிய இலையை அள்ளிக் கீழே போட்டாள். "இது என்ற வீடு."

கோபத்திலும் சந்தோஷத்திலும் மட்டும் அவளுக்குக் கோபிப் பேச்சு வந்துவிடும்.

குளிர்காற்று புகாமலிருக்க ஜன்னல்களுக்கு மெல்லிய பிளாஸ்டிக் ஒட்டி, ஹேர் டிரையரால் சூடு காட்டி இழுத்துப் பிடிக்க வைத்தாள். ஷ்ரேயா ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, ஃப்ரிட்ஜ்ல மூடி வச்ச லெஃப்ட்ஓவர்ஸ் மாதிரி இருக்கு," என்றாள். பதினாறு வயது. அப்பா போனதில் யார் மேல் கோபம் என்று அவளுக்கே தெரியாத காலம் அது. ஆனாலும் முனையை விடவில்லை.

கார்தான் அவளுக்குப் பயம். அதன் பானெட்டைத் திறக்கிற கொக்கி எங்கே என்று தேடவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. பாகங்கள் விற்கிற கடையில் பேட்டரியைச் சோதித்த பையன், இது ஒரு நல்ல குளிரைக்கூடத் தாங்காது என்றான். மாற்றினாள். பனிக்கான டயர் வாங்கிப் போட்டாள். கண்ணாடி கழுவுகிற தண்ணீரைக் காலி பண்ணிவிட்டு, உறையாத நீலத் தண்ணீரை ஊற்றினாள். டிக்கியில் கம்பளி, சின்ன மண்வெட்டி, பனிக்கட்டி சுரண்டுகிற தகடு, வீட்டுப் பூனை கழிப்பதற்குப் போடுகிற மணல் இரண்டு மூட்டை. கவுண்டரில் மணல் மூட்டைகளைப் பார்த்துவிட்டு ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடைக்காரர் கேட்டார், "பூனை வளக்கறீங்களா மேடம்?"

"டயருக்கு அடியில போட. வழுக்கினா பிடிச்சுக்கும்."

"ஸாருக்குத் தெரிஞ்சிருக்குமே?"

"எனக்கும் தெரிஞ்சிருக்கு," என்று புளிப் பாக்கெட்டை எடுத்து வைத்தாள்.

டிசம்பர் வந்தது, போனது. அவள் போன் பண்ணவில்லை.

பெரிய பனி ஜனவரி கடைசியில் வந்தது. முந்தின நாள் வாஞ்சிநாதன் மெசேஜ் அனுப்பியிருந்தார். ஷ்ரேயாவுக்காக வந்து ஹாலில் சோபாவில் படுத்துக்கொள்கிறேன் என்றார். 'வேண்டாம், தேங்க்ஸ்' என்று பதில் போட்டாள்.

காலையில் ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரு என்று ஒன்று இல்லை. ஸ்கூலுக்கு லீவு. மாநிலம் முழுக்க யாரும் வண்டி எடுக்காதீர்கள் என்று டிவியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரி ஆட்களுக்கு மட்டும் அது பொருந்தாது. ரத்த வங்கியில் ராத்திரி ஆள் வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் இவள் போயாக வேண்டும். முந்தின ராத்திரியே காரை டிரைவ்வேயின் தெருமுனையில் நிறுத்தியிருந்ததால், சுற்றியிருந்த பனியை மட்டும் அள்ளினாள். கார் முதல் தட்டிலேயே உயிர் பெற்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஸ்டியரிங்கை ஒரு குத்துக் குத்தினாள், சந்தோஷத்தில்.

ரயில் பாலத்துக்கு அடியிலிருந்து ஏறுகிற சரிவில் மாட்டிக்கொண்டாள். பனிக்கு அடியில் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி. அதற்கு எந்த டயரும் ஒன்றுதான். சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. பின்னால் வந்த பிக்கப் டிரக்குக்காரன் கண்ணாடியை இறக்கி, "வீட்டுக்குப் போ, லேடி!" என்று கத்தினான்.

"வேலைக்குப் போறேன்!" என்று திருப்பிக் கத்திவிட்டு இறங்கினாள். சக்கரத்துக்கு முன்னால் சுரண்டி, மூட்டையைக் கிழித்து மணலைக் கொட்டினாள். காற்று முகத்தில் ஊசி போட்டது. ஏறி, ஆக்சிலரேட்டரைப் பட்டும் படாமலும் மிதித்தாள். வண்டி ஒரு முனகலோடு மேலேறியது. கண்ணாடியில் பார்த்தாள், டிரக்குக்காரன் அவள் கொட்டிய மணல் மேலேயே ஏறி வந்துகொண்டிருந்தான்.

மத்தியானம் ஷ்ரேயாவிடமிருந்து போன்.

"அம்மா, ஹீட் இஸ் அவுட். வீடு ஐஸ் மாதிரி ஆகுது. அப்பா கால் பண்ணார். எதையும் டச் பண்ணாத, இந்திரா ஆன்ட்டி வீட்டுக்குப் போ, ஐ ஆம் கமிங்-னு சொல்றார்."

சாந்தாமணி சுவரில் சாய்ந்தாள். சரி, வரட்டும் என்று சொல்லிவிட்டால் எல்லாம் முடிந்தது. என் வீம்புக்குப் பெண்ணைப் பணயம் வைக்கிறேனா என்று ஒரு கேள்வி எழுந்தது. அவள் அதைத் தள்ளிவிடவில்லை. வேலையில் செய்கிற மாதிரி ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"கண்ணு, ஹால்ல இருக்கிற விஷ கேஸ் அலாரம் கத்துதா?"

"நோ. கிரீன் லைட்."

"படிகிட்ட சிவப்பு சுவிட்ச்?"

"ஆன்ல இருக்கு."

"கிச்சன் ஜன்னல் வழியா பக்கத்துச் சுவரைப் பாரு. பனி எவ்வளவு உசரம்?"

கிச்சனுக்கு ஓடுகிற காலடிச் சத்தம். "ஓ மை காட். ஜன்னல் வரைக்கும் இருக்கு."

"அப்ப அதான். ரெண்டு வெள்ளைக் குழாய் மூடியிருக்கும். ஹீட்டருக்கு மூச்சு முட்டுது. இப்ப கேளு. உனக்குப் பயமா இருந்தா ஆன்ட்டி வீட்டுக்குப் போ. அதுல தப்பே இல்ல. போகணும்னு தோணலைன்னா பூட்ஸ் போடு, ரெண்டு கையுறை போடு, போனைப் பாக்கெட்ல வை, லைனைக் கட் பண்ணாத. சுவிட்சை முதல்ல அணை. மண்வெட்டியால அள்ளிக்கிட்டே போ, குழாய்கிட்ட வந்ததும் அதைக் கீழ வச்சிட்டுக் கையால தோண்டு. கை மரத்துச்சுன்னா அந்த நிமிஷமே நிறுத்திட்டு ஆன்ட்டி வீட்டுக்கு ஓடணும். சரியா?"

"அப்பா சொன்னது?"

"அப்பா பயத்துல சொல்றார். நீ என்ன சொல்ற?"

"ஐ காட் இட். நானே பண்றேன்," என்றாள் ஷ்ரேயா.

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசையில் வைத்துவிட்டு சாந்தாமணி வேலையைத் தொடர்ந்தாள். பிரசவ வார்டுக்கு உறைந்த பிளாஸ்மாவை உருக்கித் தர வேண்டியிருந்தது. காற்றின் இரைச்சலும் மகளின் மூச்சும் கேட்டுக்கொண்டே இருந்தன. நடுவில் ஒரு கெட்ட வார்த்தை. அப்புறம், "ஃபவுண்ட் ஒன்!" அப்புறம் ரொம்ப நேரம் மூச்சு மட்டும். "போத் ஆஃப் தெம்!" கதவு அடைக்கிற சத்தம். சுவிட்ச் தட்டுகிற சத்தம்.

"அம்மா," என்றாள் ஷ்ரேயா, தாழ்ந்த குரலில். "ஏதோ க்ளிக் பண்ணுது... அம்மா! காத்து வருது! சூடா வருது!"

சாந்தாமணி கையுறைக் கையால் கண்ணைத் துடைக்க முடியாமல் தோளில் துடைத்துக்கொண்டாள். "அப்பாவுக்கு நீயே போன் பண்ணிச் சொல்லிரு."

"என்ன சொல்ல?"

"என்ன பண்ணினியோ அதைச் சொல்லு. ஒண்ணு விடாம சொல்லு."

மறுநாள் வானம் வெளுத்திருந்தது. சாந்தாமணி டிரைவ்வேயில் பாதி தூரம் அள்ளியிருந்தபோது சிவகரனின் வேன் வந்து நின்றது. ஓட்டி வந்தது வாஞ்சிநாதன். பின்னால் மெஷின்.

"இறக்கட்டுமா?" என்றார்.

"வேண்டாம்."

"மணி, பாதி கூட ஆகலை. இடுப்பு போயிடும்."

"போனா என் இடுப்பு."

அவர் நின்றார். மூக்கு நுனி சிவந்திருந்தது. உண்மையாகவே அவருக்கு வலித்தது என்று அவளுக்குத் தெரிந்தது. "நான் என்ன தப்பு பண்ணினேன்? பத்தொன்பது வருஷம் உனக்கு ஒரு கஷ்டமும் தெரியாம பாத்துக்கிட்டேன்."

"ஆமா. ஒண்ணுமே தெரியாம பாத்துக்கிட்டீங்க." மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தாள். "நேத்து உங்க பொண்ணு, யாரும் தெருவுக்கே வராத காத்துல நின்னு தோண்டினா. நீங்க அவகிட்டயும் எதையும் தொடாதேன்னு சொன்னீங்க. என்கிட்ட சொன்ன மாதிரியே. அவகிட்ட இனிமே அதைச் சொல்லாதீங்க. அது ஒண்ணுதான் நான் உங்ககிட்ட கேக்கறது."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். எதிர்ப்பக்கத்திலிருந்து இந்திராதேவி ஆன்ட்டியின் குரல் முந்திக்கொண்டது. "தம்பி! அந்தப் பிள்ளை வேண்டாமெண்டால் விடும். இஞ்சால வந்து என்ர பக்கத்தைத் துப்புரவாக்கும். எனக்கு ஒரு வீம்பும் இல்லை!"

வாஞ்சிநாதன் தெருவைத் தாண்டி மெஷினைத் தள்ளிக்கொண்டு போனார். தெருவின் ஒரு பக்கத்தில் மெஷின் உறுமியது, இன்னொரு பக்கத்தில் மண்வெட்டி சுரண்டியது. இரண்டும் கிட்டத்தட்ட முடிகிற நேரத்தில் நகராட்சியின் பனித்தள்ளி லாரி வந்து, தெருவிலிருந்த அத்தனை பனியையும் இரண்டு வாசல்களிலும் ஒதுக்கி மூடிவிட்டுப் போனது. "அடேய்!" என்று சாந்தாமணி மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு லாரியின் பின்னால் நாலு எட்டு ஓடினாள். டிரைவர் ஹாரன் அடித்துக் கையாட்டினான். ஷ்ரேயா பைஜாமாவோடு வெளியே வந்து இன்னொரு மண்வெட்டியை எடுத்தாள். வாசலை மறுபடி திறந்தார்கள்.

எல்லாம் ஜெயித்ததாகச் சொல்ல முடியாது. பிப்ரவரியில் கூரை ஓரத்தில் பனிக்கட்டி அணை மாதிரி கட்டிக்கொண்டு, உருகிய தண்ணீர் உள்ளே இறங்கி, ஷ்ரேயாவின் அறைச் சீலிங்கில் பழுப்பாக ஒரு கறை பரவியது. வீட்டுச் சூடு மேலே கசிந்து கூரைப் பனியை உருக்குகிறது. கூரைக்கு அடியில், அட்டிக்கில், சூடு கசியாமலிருக்கப் போட்டிருந்த பஞ்சு பழசாகி அமுங்கிப் போய்விட்டது. செப்டம்பரில் அங்கே ஏறிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியிருக்கவில்லை. விஷயம் தெரிந்து வாஞ்சிநாதன், அட்டிக்கை நான் அடுத்த வருஷம் பண்ணலாம்னு இருந்தேன் என்று மகளிடம் சொன்னாராம். சாந்தாமணி டேப்பை எடுத்துக்கொண்டு அட்டிக்கை அளக்க ஏறினாள். ஆன்ட்டி மறுபடியும் வீட்டை விற்பதைப் பற்றிப் பேசினார்.

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை, முழுக்கைச் சட்டையும் முகமூடியும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு அவள் அட்டிக்கில் தவழ்ந்துகொண்டிருந்தாள். உள்ளே அடுப்பு மாதிரி கொதித்தது. ஷ்ரேயா ஏணியில் நின்று ரோஜா நிறப் பஞ்சுச் சுருள்களை ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தாள்.

"அம்மா, வெளியே நைன்ட்டி ஃபைவ் ஃபாரன்ஹீட். ஜூலைல யாராவது விண்டருக்கு ரெடி ஆவாங்களா?"

"பனி விழுந்தப்புறம் ரெடி ஆகிறதுக்குப் பேரு அழுகை," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "அந்தக் கத்தியக் குடு. இந்த மூலை ரொம்பக் குறுகலா இருக்கு."